44-வது ஸ்குவாட்ரன்: சுமப்பவனுக்கு என்ன மரியாதை?

குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்க்கும் வீடுகளில் ஒரு காட்சி வருடா வருடம் நடக்கும். போர் விமானங்கள் சீறிக்கொண்டு வரும்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கூட தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். வயிறு பெருத்த சரக்கு விமானம் ஒன்று நிதானமாக வரும்போது யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள்!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வேகத்துக்கு இருக்கும் கவர்ச்சி சுமைக்கு இல்லை. சினிமாவிலும் கதாநாயகன் போர் விமானம்தான் ஓட்டுவான். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு லடாக்குக்குப் போகும் விமானியைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

பார்வையாளர்கள் திரும்பிக்கொள்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பணம் ஒதுக்குகிறவர்களும் அப்படியே திரும்பிக்கொண்டால்? அதற்கான விலையை அந்த விமானத்தில் ஏறிப் போகிறவர்கள் கொடுக்க வேண்டியிருக்கும். இந்திய விமானப்படையின் 44-வது ஸ்குவாட்ரனின் வரலாற்றைப் படித்தால் இது புரியும்.

தொடக்கம்: 1961

44-வது ஸ்குவாட்ரன் 1961 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட விமானம் சோவியத் யூனியனில் தயாரான ஏ.என்-12. நான்கு இன்ஜின்கள், பின்பக்கம் திறக்கும் பெரிய கதவு, சுமார் 20 டன் தூக்கும் வலு. அதுவரை இந்தியாவிடம் இருந்த டகோட்டா, பேக்கெட் விமானங்களோடு ஒப்பிட்டால் இது மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி.

வேலை என்ன? பெரும்பாலும் லடாக்குக்குச் சரக்கு கொண்டு போவதுதான். லே விமானத் தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெல்லிசு. இன்ஜினின் வலு குறையும், இறக்கையின் தூக்கும் சக்தியும் குறையும். சென்னையில் 20 டன் தூக்கும் விமானம் அங்கே அதே எடையோடு கிளம்ப முடியாது. வெயில் ஏற ஏற காற்று இன்னும் மெல்லிசாகும், மலைக்காற்றும் வலுக்கும். அதனால் அங்கே போகிற விமானங்கள் காலையிலேயே போய்விட்டுத் திரும்பிவிடப் பார்க்கும். பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் தவறு செய்ய இடமில்லை.

இது தினசரி வேலை. ஒரு நாள் போனால் சாகசம், ஆயிரம் நாள் போனால் வழக்கம். வழக்கமாகிவிட்ட எதையும் யாரும் கவனிப்பதில்லை இல்லையா?

ஆறு டாங்கிகள்

தொடங்கி ஒன்றரை வருடத்தில் சீனப் போர் வந்தது. 1962 அக்டோபர் 20 அன்று தாக்குதல் ஆரம்பம். லடாக்கில் சுஷுல் என்ற இடத்தில் ஒரு விமான ஓடுபாதை உண்டு. உயரம் 14,000 அடிக்கு மேல். அந்த இடத்துக்கு டாங்கிகள் உடனே தேவைப்பட்டன. சாலை வழியாக உடனே கொண்டு சேர்க்க வழியில்லை.

அக்டோபர் 25 அன்று ஏ.என்-12 விமானங்கள் சண்டிகரிலிருந்து ஏ.எம்.எக்ஸ்-13 ரக டாங்கிகளை ஏற்றிக்கொண்டு போய் சுஷுலில் இறக்கின. ஒரு டாங்கியின் எடை சுமார் 15 டன். ஒரு விமானத்துக்கு ஒரு டாங்கி. மொத்தம் ஆறு. அவ்வளவு உயரத்தில், தயாராக இல்லாத ஒரு ஓடுபாதையில், அவ்வளவு எடையோடு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் இந்தியாவில் ஏ.என்-12 வைத்திருந்த ஸ்குவாட்ரன் இது ஒன்றுதான்.

1962 போரைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தோல்வி ஞாபகம் வரும், ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கும் அவருடைய வீரர்களும் கடைசி வரை நின்றது ஞாபகம் வரும். நிச்சயம் வர வேண்டும். ஆனால் அந்த மலையில் நின்றவர்களுக்கு ரொட்டியும் தோட்டாவும் எப்படிப் போயின என்ற கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை.

லாரி குண்டு போட்ட கதை

1971 போரில் இந்த ஸ்குவாட்ரன் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தது. சரக்கு விமானத்தையே குண்டு வீசும் விமானமாக்கியது! குண்டுகளை வரிசையாக அடுக்கி, பின்பக்கக் கதவைத் திறந்து கீழே உருட்டி விடுவது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஏ.என்-12 வேகமான விமானம் அல்ல. எதிரியின் போர் விமானம் துரத்தினால் தப்பித்து ஓட முடியாது. அதனால் இரவில் போனார்கள்.

பாகிஸ்தானின் சங்கா மங்கா காட்டில் இருந்த ஆயுதக் கிடங்குப் பகுதி அவர்களுடைய முக்கிய இலக்குகளில் ஒன்று. தலைமை தாங்கிய விங் கமாண்டர் வித்யா பூஷண் வசிஷ்டுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பத்து வருடமாக இமயமலைக்குச் சரக்கு தூக்கிய காலத்தில் இந்த ஸ்குவாட்ரனைப் பற்றி வெளியே யாரும் பேசவில்லை. குண்டு போட்டதும் பேசினார்கள். அதாவது அது தன் வேலையை விட்டுவிட்டு இன்னொருவர் வேலையைச் செய்தபோதுதான் நம் கண்ணில் பட்டது!

ஒரே இரவில் மாலத்தீவு

1985-ல் ஏ.என்-12க்குப் பதிலாக ஐ.எல்-76 வந்தது. இந்தியாவில் அதற்கு வைத்த பெயர் கஜராஜ். பெயருக்கு ஏற்ற உருவம்தான். நான்கு ஜெட் இன்ஜின்கள், 20 சக்கரங்கள், 40 டன்னுக்கு மேல் தூக்கும் வலு. மூக்கின் அடியில் கண்ணாடி அறை ஒன்று இருக்கும், அதில் வழிகாட்டும் அதிகாரி உட்கார்ந்திருப்பார்.

1988 நவம்பர் 3 அதிகாலை. மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. அப்துல்லா லுத்துஃபி என்பவரின் திட்டம், களத்தில் இறங்கியவர்கள் இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 80 கூலிப்படையினர். அதிபர் மாமூன் அப்துல் கயூம் ஒளிந்துகொண்டு வெளிநாடுகளிடம் உதவி கேட்டார். பிரதமர் ராஜீவ் காந்தி உதவ முடிவு செய்தார்.

அன்று மாலையே ஆக்ராவிலிருந்து 44-வது ஸ்குவாட்ரனின் ஐ.எல்-76 விமானங்கள் பாராசூட் படை வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. முன்னால் போனவர் ஸ்குவாட்ரனின் தலைவர் குரூப் கேப்டன் அனந்த் பேவூர். வீரர்களுக்குத் தலைமை பிரிகேடியர் ஃபரூக் புல்சாரா. மாலத்தீவுக்கான இந்தியத் தூதர் ஏ.கே. பானர்ஜியும் அந்த நேரம் டெல்லியில் இருந்ததால் விமானத்தில் ஏறிக்கொண்டார். நடுவில் எங்கும் இறங்காமல் 2,500 கி.மீ.க்கும் மேல் பயணம். இருட்டில், சுற்றிலும் கடலாக இருக்கும் ஹுல்ஹுலே தீவின் ஒரே ஓடுபாதையில் இறங்கினார்கள். ஓடுபாதை விளக்குகள் கொஞ்ச நேரம்தான் எரிந்தன. எதிராளிகள் விமான நிலையத்தைக் கைப்பற்றாமல் விட்டிருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஓடுபாதையில் நான்கு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தால் கதையே வேறு. மறுநாள் விடிவதற்குள் அதிபர் பாதுகாப்பாக இருந்தார்.

இந்த 'ஆபரேஷன் கேக்டஸ்' பற்றி எழுதுகிறவர்கள் துணிச்சலைப் புகழ்வார்கள். சரிதான். ஆனால் காலையில் தகவல், மாலையில் புறப்பாடு என்பது துணிச்சலால் மட்டும் நடக்காது. அன்றைக்குப் பறக்கும் நிலையில் விமானம் இருக்க வேண்டும். எரிபொருள் கணக்கு போடத் தெரிந்தவர் இருக்க வேண்டும். முன்பின் பார்க்காத ஓடுபாதையில் இரவில் இறங்கக் கை பழகியிருக்க வேண்டும். இதெல்லாம் 27 வருடம் அரிசியும் மண்ணெண்ணெயும் தூக்கிப் பழகியதில் வந்தது. அந்த சலிப்பான நாட்களைச் செலவு என்று நினைக்கிறோம். உண்மையில் அவை இன்ஷூரன்ஸ் பிரீமியம். வீட்டில் தீப்பிடித்த பிறகு போய் பாலிசி எடுக்க முடியுமா?

மறுக்கிறவர்கள் சொல்வது

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதிலும் தமிழ் வாசகர்கள் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஏ.என்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொருட்களைப் போட்டன. அது வேறு பிரிவுகளின் வேலை. ஜூலை கடைசியில் இந்திய அமைதி காக்கும் படையை பலாலிக்குக் கொண்டுபோய் இறக்கியதில் ஐ.எல்-76களும் இருந்தன. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தில் போர் நடத்தியது. பொதுமக்கள் பலர் செத்தார்கள். ஜூனில் வானத்திலிருந்து சாப்பாடு, அக்டோபரில் தெருவில் சண்டை. நாலே மாதம். அப்படியிருக்கும்போது சரக்கு விமானப் பிரிவை எப்படிப் புகழ்வது என்று கேட்டால் அது சரியான கேள்விதான்.

பதில் இதுதான். சுமப்பவன் சுமையைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெட்டியில் சோறு இருக்குமா தோட்டா இருக்குமா என்று முடிவு செய்வது டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்கள். எனவே பலாலிக்கான பழியை விமானியின் தலையில் போடக் கூடாது. அதே நியாயப்படி மாலத்தீவுக்கான அரசியல் புகழும் அவருக்குச் சேராது. இந்தப் பிரிவின் வரலாற்றை நல்ல காரியங்களின் பட்டியலாக எழுதினால் அது பொய். அது அரசுகள் எடுத்த முடிவுகளின் சரக்குப் பதிவேடு, அவ்வளவுதான்.

அதனால்தான் இங்கே கேட்கப்படுவது புகழ் அல்ல. சுமையைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாதவனுக்கு, நல்ல வண்டியையாவது கொடுக்க வேண்டாமா?

கணக்கில் வராத தேய்மானம்

காமர்ஸ் படிக்கிற எந்த மாணவனுக்கும் முதல் வருடத்திலேயே தேய்மானம் என்ற பாடம் வந்துவிடும். ஒரு கம்பெனி 10 லட்சத்துக்கு மிஷின் வாங்கினால், வருடா வருடம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைத்துக் கணக்கு எழுத வேண்டும். லாபம் குறைந்து தெரிந்தாலும் பரவாயில்லை, எழுதித்தான் ஆக வேண்டும். மிஷின் பழசாகிறது என்ற உண்மை வருடத்துக்கு ஒரு முறையாவது முதலாளியின் கண்ணில் படும்.

இந்திய அரசின் கணக்கு அப்படியல்ல. அது ரொக்க அடிப்படையில் எழுதப்படும் கணக்கு. விமானம் வாங்கப் பணம் கொடுத்த வருடத்தில் செலவு என்று எழுதுவார்கள். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அது 30 வருடம் பறந்தாலும், ஒவ்வொரு வருடமும் அது எவ்வளவு தேய்ந்தது என்று எந்தப் பக்கத்திலும் வராது. பட்ஜெட் கணக்கில் பழைய விமானம் ஒரு இலவச விமானம் மாதிரி தெரியும்!

ஐ.எல்-76க்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அது சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் கட்டப்பட்ட விமானம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் தாஷ்கண்ட் உஸ்பெகிஸ்தான் என்ற தனி நாட்டுக்குப் போய்விட்டது. இன்ஜின் தயாரிக்கும் ஊர் ரஷ்யாவில். ஒரே கடையில் வாங்கிய பொருளுக்கு உதிரிபாகம் தேடி இரண்டு நாட்டுக்கு அலைய வேண்டிய நிலை.

2017-ல் சி.ஏ.ஜி. எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இந்த ஐ.எல் விமானங்களைப் பற்றிப் பேசியது. தேவையான அளவு விமானங்கள் பறக்கும் நிலையில் இல்லை, மின்னணுக் கருவிகள் புதுப்பிக்கப்படாமல் 1985 காலத்தவையாகவே இருக்கின்றன என்று சொன்னது. 1985! அந்த வருடம் வாங்கிய டி.வி. யார் வீட்டிலாவது 2017-ல் ஓடிக்கொண்டிருந்ததா?

புதிய விமானங்களே வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. 2013 முதல் அமெரிக்காவின் சி-17 விமானங்கள் வந்தன, மொத்தம் 11. கனமான சுமைகளில் பெரும் பகுதி அவற்றுக்குப் போனது. ஆனாலும் கஜராஜ் ஓய்வு பெற்றுவிடவில்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடே தவித்தபோது, சிங்கப்பூரிலிருந்து காலி ஆக்சிஜன் கலன்களைக் கொண்டுவந்தவற்றில் ஐ.எல்-76ம் ஒன்று. காலிக் கலனை எதற்கு விமானத்தில் கொண்டுவர வேண்டும் என்று பலர் அப்போது கிண்டல் செய்தார்கள். திரவ ஆக்சிஜன் நிரப்பிய கலனை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. ஆனால் காலிக் கலன் தொழிற்சாலைக்குத் திரும்பும் பாதையில் நாட்கணக்கை மணிக்கணக்காக்கினால், ஒரே கலன் அதே வாரத்தில் இன்னும் அதிக முறை நிரம்பி வரும். அந்த நேரத்தில் அது எத்தனை படுக்கைகளுக்கு உயிர்!

காத்திருந்தவர்கள்

இவ்வளவும் எதற்கு? பழைய விமானம் என்பது வெறும் பழைய விமானம் அல்ல, அதில் மனிதர்கள் ஏறுகிறார்கள் என்பதற்காக.

1968 பிப்ரவரி 7 அன்று ஒரு ஏ.என்-12 விமானம் சண்டிகரிலிருந்து லேவுக்குக் கிளம்பியது. 102 பேர் இருந்தார்கள். வானிலை மோசமானதால் திரும்பி வரும் வழியில் ரோதாங் கணவாய்ப் பக்கம் காணாமல் போனது. 35 வருடம் கழித்து 2003-ல்தான் மலையேறும் குழு ஒன்று அதன் மிச்சங்களைக் கண்டது. 2024 செப்டம்பரில் பனிக்குள்ளிருந்து மேலும் நான்கு உடல்கள் எடுக்கப்பட்டன. 56 வருடம். காத்திருந்த பெற்றோர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 விமானம் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. 29 பேர். எல்லோரும் படை வீரர்களும் அல்ல, சிவிலியன் ஊழியர்களும் இருந்தார்கள். வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களைப் படம் பிடித்தது. ஏழரை வருடம் அந்தக் குடும்பங்கள் நம்பவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தன.

இந்த இரண்டு விபத்துகளும் பழைய கருவிகளால்தான் நடந்தன என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நேர்மையாகாது. மலையும் கடலும் புதிய விமானத்தையும் விழுங்கும். ஆனால் இப்படிப்பட்ட பாதைகளில் போகிறவர்களுக்கு விதி ஏற்கெனவே போதுமான ஆபத்தை வைத்திருக்கிறது. நம் அலட்சியமும் அதோடு சேர வேண்டாம் என்பதுதான் விஷயம். அவர்கள் டிக்கெட் எடுத்து, எந்த ஏர்லைன்ஸ் நல்லது என்று பார்த்து ஏறுவதில்லை. ஆர்டர் வரும், ஏறுவார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய யோசனை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சரக்கு விமானத்தின் வயது என்ன, கருவிகள் எந்தக் காலத்தவை, மாற்ற வேண்டிய தேதி எது, அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று வருடா வருடம் நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கட்டும். ராணுவ ரகசியம் இருந்தால் கதவை மூடிக்கொண்டு பேசட்டும். ஒரு சாதாரண கம்பெனி தன் மிஷினுக்குச் செய்வதை ஒரு நாடு தன் வீரர்கள் ஏறும் விமானத்துக்குச் செய்யக் கூடாதா?

44-வது ஸ்குவாட்ரனுக்குத் தங்களுக்குள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர் 'மைட்டி ஜெட்ஸ்'. கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த கம்பீரம் பெயரில் மட்டும் இருந்தால் போதாது, உதிரிபாகக் கிடங்கிலும் இருக்க வேண்டும். பதக்கமும் அணிவகுப்பும் வருடத்துக்கு ஒரு நாள். பராமரிப்பு மீதி 364 நாளும்.

அடுத்த ஜனவரி 26 அன்று அந்த வயிறு பெருத்த விமானம் திரையில் வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்திருக்காதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குள் யாரோ ஒருவருடைய அண்ணனோ அப்பாவோ உட்கார்ந்திருக்கிறார். அவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.